ஏழு கிளப் ஃபார்வர்டும் பத்து வயதுப் பிள்ளைகளும்

வணக்கம். கால்பந்து பற்றிப் பேச வாருங்கள் என்று கூப்பிட்டபோது கொஞ்சம் தயங்கினேன். கோப்பை தூக்கியவர்களைத்தானே இப்படிக் கூப்பிடுவார்கள்! நான் அதிகம் தூக்கியது என் பெட்டியைத்தான். 12 வருஷத்தில் ஏழு கிளப். அதில் இரண்டு இடத்தில் பெட்டியை முழுசாகப் பிரிப்பதற்குள்ளேயே கிளம்ப வேண்டியதாகிவிட்டது.

என்னைப் போன்ற ஃபார்வர்டுகளுக்கு, அதாவது கோல் போடுவதையே வேலையாகக் கொண்ட முன்வரிசை ஆட்டக்காரர்களுக்கு, இந்த அலைச்சல் அதிகம். நடுக்கள ஆட்டக்காரன் பத்து ஆட்டம் சுமாராக ஆடினால் பலர் கண்ணில் படாது, ஃபார்வர்டு பத்து ஆட்டம் கோல் போடாவிட்டால் அது பேப்பரிலேயே தெரியும். கோல் வராத அணி பாதி சீசனில் அவசரமாக ஒருத்தனைத் தேடும், அந்த ஒருத்தன் பெரும்பாலும் என்னைப் போன்றவன். உருகுவே ஃபார்வர்டு செபாஸ்டியன் அப்ரேயூவைப் பாருங்கள், 2017-ல் 26-ஆவது கிளப்பில் சேர்ந்து கின்னஸ் சாதனையே வைத்தார், அப்புறமும் நிற்கவில்லை. 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் கானாவுக்கு எதிராகக் கடைசி பெனால்டியை நடுவில் மெதுவாகத் தூக்கிவிட்டு அணியை ஜெயிக்க வைத்தது அவர்தான். ஊர் ஊராக அலைந்தவனுக்குத்தான் அந்த அலட்சியம் வரும் என்று நினைத்துக்கொள்வேன், என் ஜாதிக்காரன் என்கிற பாசத்தில் சொல்வதாகவும் இருக்கலாம்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு சீசன் ஒப்பந்தத்தில் ஆடுகிறவனுக்குக் கோல்தான் பயோடேட்டா. பக்கத்தில் ஆள் தனியாக நிற்பது தெரிந்தும் பாஸ் கொடுக்காமல் நானே அடித்திருக்கிறேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. அந்தப் புத்தியோடுதான் 34 வயதில் பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போனேன்.

முதல் வருஷம் எல்லாமே தப்பு. 14 பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, ஒவ்வொருவராக ஓடி வந்து கோலைப் பார்த்து அடிக்கச் சொல்வேன். எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அதனால் அதுதான் பயிற்சி என்று இருந்துவிட்டேன். ஒரு நாள் கூட இருந்த மூத்த கோச் ஓரமாக நின்று ஒரே ஒரு பெண் குழந்தையை மட்டும் கவனித்து எண்ணியிருக்கிறார். ஒரு மணி நேரத்தில் பந்து அவள் காலில் பட்டது ஒன்பது தடவை. "மீதி நேரம் அவள் வரிசையில் நிற்கத்தான் கற்றுக்கொண்டாள்" என்றார். மறுநாளே நாலுக்கு நாலு என்று பிரித்து ஆட விட்டேன்.

அளவு எவ்வளவு முக்கியம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. பெரியவர்களின் கோல் கம்பம் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். பத்து வயதுக் கோல்கீப்பர் குதித்தாலும் குறுக்குக் கம்பம் எட்டாது. அதனால் பலசாலிப் பையன் தூரத்திலிருந்து சும்மா தூக்கி அடித்தாலே கோல் விழும். அவனும் குஷி, அப்பா அம்மாவும் குஷி. மூன்று வருஷம் கழித்துக் கோல்கீப்பர் வளர்ந்ததும் இவனிடம் வேறு எந்த வித்தையும் இருக்காது. கோல் போட்டுப் பிழைத்தவன் சொல்கிறேன், அந்த வயதில் மலிவாகக் கிடைக்கிற கோலைப் போல ஒரு ஃபார்வர்டைக் கெடுப்பது வேறு இல்லை. இங்கிலாந்தில் 2012-ல் இளையோர் ஆட்டத்தைத் திருத்தியபோது 11, 12 வயதுப் பிரிவுகளுக்கு ஒன்பதுக்கு ஒன்பது ஆட்டமும் சின்ன கோல் கம்பமும் கொண்டுவந்தார்கள், காரணம் இல்லாமல் இல்லை.

இன்னொரு வேடிக்கை. என் கோல்களில் பாதி தலையால் முட்டியது. எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த ஒரே தொழிலை இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முடியாது. மூளைக்கு ஆபத்து என்கிற கவலையில் அமெரிக்கக் கால்பந்து சங்கம் 2015-ல் பத்து வயது வரை தலையால் முட்டுவதையே தடை செய்தது, 2020-ல் இங்கிலாந்தும் தொடக்கப்பள்ளி வயதுப் பயிற்சியில் வேண்டாம் என்றது. சரிதான், எனக்கும் அதில் மறுப்பு இல்லை. எப்போது ஓட வேண்டும், தடுப்பாட்டக்காரனின் முதுகுப் பக்கம் எப்படி ஒளிய வேண்டும் என்று மட்டும் காட்டுகிறேன், முட்டுவது அப்புறம் தானாக வரும்.

தேர்வு செய்கிற நாள்தான் எனக்குப் பிடிக்காத நாள். ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள், இடையில் கிட்டத்தட்ட ஒரு வருஷ வளர்ச்சி. பெரியவன் திறமைசாலியாகத் தெரிவான், எல்லாரும் அவனையே எடுப்பார்கள். உலகம் முழுக்க ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள், இன்னும் நடக்கிறது. நானே செய்திருக்கிறேன். ரிக்கி லாம்பர்ட் என்ற இங்கிலாந்து ஃபார்வர்டை லிவர்பூல் கிளப் 15 வயதில் வேண்டாம் என்று அனுப்பியது. கீழ்மட்ட கிளப்புகளில் சுற்றினார், நடுவில் பீட்ரூட் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், 31 வயதில் இங்கிலாந்துக்காக முதல்முறை மாற்று ஆட்டக்காரராக இறங்கி, முதல் தொடுதலிலேயே ஸ்காட்லாந்துக்கு எதிராகத் தலையால் கோல் போட்டார். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வேன், ஆனால் உனக்கும் இப்படி நடக்கும் என்று மட்டும் சொல்ல மாட்டேன், அது பொய்.

என்னை ஒரு கிளப் வேண்டாம் என்றது அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பட்டியல் மூலமாக. என் பெயர் இல்லாததை மூன்று தடவை படித்துப் பார்த்தேன். அதனால் இப்போது யாரை அனுப்புவதாக இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து நானே சொல்கிறேன். போன மாதம் ஒரு பையனிடம் அப்படிச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம், "உங்களை எத்தனை பேர் அனுப்பியிருக்கிறார்கள் சார்?" என்று கேட்டான். இரண்டு பேரும் விரல் விட்டு எண்ணினோம். ஐந்து வந்தது. "என்னை நீங்கள்தான் சார் முதல்" என்றான்.