ஹாஸ்டல் ரூமில் லேப்டாப்: முதலில் சாவி எங்கே இருக்கிறது, பாருங்கள்

அடுத்த கேள்வி, கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முதல் வருடம் படிக்கிற ஒரு தம்பி அனுப்பியது. "அண்ணா, எங்கள் ஹாஸ்டலில் ரூமுக்கு நாலு பேர். போன வாரம் பக்கத்து பிளாக்கில் இரண்டு லேப்டாப் காணாமல் போய்விட்டது. என்னுடையது அப்பா தவணையில் வாங்கிக் கொடுத்தது. கேபிள் லாக் வாங்கட்டுமா, டிராக்கர் ஏதாவது வைக்கட்டுமா?"

இரண்டையும் பற்றிச் சொல்கிறேன் தம்பி. அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். உங்கள் ரூம் சாவி இப்போது எங்கே இருக்கிறது?

நாலு பேருக்கு ஒரு பூட்டு, ஒரே சாவி. கடைசியாகக் கிளம்புகிறவன் பூட்டிவிட்டு, சாவியை நிலைக்கு மேலே வைப்பான், இல்லையென்றால் வாசலில் கிடக்கிற ஷூவுக்குள் போடுவான். எங்கள் ரூமில் அது வென்டிலேட்டர் இடுக்கில் இருக்கும். பக்கத்து ரூம்காரன் எங்கள் முறுக்கைத் தின்பதற்கே அந்தச் சாவியை எடுப்பான். இரண்டாம் வருடம் என் லேப்டாப் போனதும் அந்தச் சாவியால்தான். மத்தியானம் லேப் முடிந்து வந்து பார்த்தால் பூட்டு பூட்டியபடி இருக்கிறது, சாவி இடுக்கிலேயே இருக்கிறது, மேஜையில் மவுஸ் மட்டும் கிடக்கிறது. எடுத்தவன் திரும்பப் பூட்டி, சாவியை அதே இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்த ஒழுங்கு எங்கள் நாலு பேரிடமும் இருந்ததில்லை.

சில வருடங்களுக்கு முன் குஜராத்தில் ஜாம்நகரில் ஒரு ஆள் பிடிபட்டான். மருத்துவக் கல்லூரி ஹாஸ்டல்களாகப் பார்த்து, பல ஊர்களில் 500 லேப்டாப் வரை எடுத்திருக்கிறான் என்று செய்தி வந்தது. காலேஜ் பையன் மாதிரி ஒருவன் பையோடு நடந்து போனால் வராந்தாவில் யார் கேட்கப் போகிறார்கள்?

அதனால் முதல் வேலை, நாலு பேரும் காசு போட்டு ஆளுக்கொரு சாவி வெட்டிக்கொள்ளுங்கள். குளிக்கப் போகும்போதும் பூட்டுங்கள். காலையில் பாதிப் பேர் பக்கெட்டோடு பாத்ரூமிலும் மீதிப் பேர் மெஸ்ஸிலும் இருக்கும் நேரம்தான் திருடனுக்கு வசதி. அப்புறம் ஜன்னல். கம்பி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பல லேப்டாப்களின் தடிமன் இரண்டு சென்டிமீட்டர் அளவுதான், பக்கவாட்டில் திருப்பினால் கம்பிக்கு நடுவே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். தரைத்தளத்தில் இருந்தால் மேஜையை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

கேபிள் லாக் கெட்ட பொருள் இல்லை. ஆனால் உங்கள் லேப்டாப் ஓரத்தில் அதற்கான சின்ன ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மெலிசான மாடல்கள் பலவற்றில் அது கிடையாது. இருந்தாலும், கேபிளை மேஜைக் காலில் சுற்றினால் மேஜையைக் கொஞ்சம் தூக்கி உருவிவிடலாம். இரும்புக் கட்டிலின் குறுக்குச் சட்டத்தில் மாட்டுங்கள். பெரிய கட்டிங் பிளேயர் கொண்டு வருகிறவனை அது நிறுத்தாது, சும்மா எட்டிப் பார்த்து எடுக்கிறவனை நிறுத்தும். என்னைக் கேட்டால், ரூமில் பூட்டுகிற மாதிரி ஷெல்ஃப் இருந்தால் அதற்கு ஒரு நல்ல பூட்டு போதும்.

டிராக்கர் விஷயத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பையில் போடுகிற டேக், பையோடு குப்பைத்தொட்டிக்குப் போகும். விண்டோஸில் 'ஃபைண்ட் மை டிவைஸ்' இருக்கிறது, இலவசம், ஆன் செய்து வையுங்கள். ஆனால் லேப்டாப் நெட்டில் இணைந்தால்தான் இடம் காட்டும். எடுத்தவன் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி போட்டுவிட்டால் அதுவும் போச்சு.

செல்போன் மாதிரி ஐஎம்இஐ, அதாவது போனுக்குப் போனுக்கு இருக்கும் தனி அடையாள எண்ணைச் சொல்லி முடக்கிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சாதாரண லேப்டாப்பில் ஐஎம்இஐ கிடையாது. அதற்கு அடையாளம் அடியில் ஸ்டிக்கரில் இருக்கிற சீரியல் நம்பர்தான். இன்றைக்கே திருப்பிப் போட்டு ஒரு போட்டோ எடுத்து, போனில் மட்டும் வைக்காமல் மெயிலிலும் போட்டுவிடுங்கள்.

அப்படியே செட்டிங்ஸில் டிவைஸ் என்க்ரிப்ஷன், அதாவது டிஸ்க்கில் இருப்பதை அடுத்தவன் படிக்க முடியாதபடி பூட்டுகிற வசதி, ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். புது லேப்டாப்பில் பெரும்பாலும் அதுவாகவே ஆன் ஆகியிருக்கும். அது இல்லாவிட்டால் லாகின் பாஸ்வேர்ட் மட்டும் காப்பாற்றாது, உள்ளே இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டு எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஆனில் இருந்தால், நீங்களே உள்ளே போக முடியாமல் மாட்டிக்கொண்டால் திறப்பதற்கு 48 இலக்க ரெக்கவரி கீ ஒன்று இருக்கும், அதை வேறு இடத்தில் எழுதி வையுங்கள். பிராஜெக்ட் ஃபைல்களுக்கு ஒரு காப்பி கிளவுடில் இருக்கட்டும். எனக்கு லேப்டாப் போனதைவிட அதிலிருந்த ரெக்கார்டு வேலையைத் திரும்பச் செய்ததுதான் கொடுமை.

சரி, மீறிப் போய்விட்டால்? வேறொரு போனிலிருந்தாவது கூகுள் கணக்கில் நுழைந்து எல்லா இடத்திலும் லாக் அவுட் செய்து, பாஸ்வேர்டை மாற்றுங்கள். வார்டனிடம் சொல்லிவிட்டு, கேமரா பதிவு அழிவதற்குள் அதை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் முதலில் சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு கொடுப்பார்கள். இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் பொதுவாக எஃப்ஐஆர் கேட்பார்கள், அதையும் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, பல பாலிசிகளில் பூட்டை உடைத்த தடயம் இருந்தால்தான் பணம். இடுக்கில் சாவி வைத்த என் கதைக்கெல்லாம் ஒரு ரூபாய் வராது.

புகாருக்கு பில் வேண்டும். அது ஊரில் அப்பாவின் பீரோவில்தான் இருக்கும். இன்று ராத்திரி வீட்டுக்குப் பேசும்போது அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.