அமைதி எப்படி மோசமாகும்?

அனைவருக்கும் வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போலிஷ் சிறுகதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தேன். அப்போது எனக்குப் போலிஷ் தெரியாது, ஆங்கில வழியாகத்தான் செய்தேன். கதையில் ஓர் இரவு. வெளியே பனி விழுந்துகொண்டிருக்கிறது, உள்ளே ஒரு கிழவி தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பனி அங்கிருந்த அமைதியை 'அக்ரவேட்' செய்தது என்றது ஆங்கிலம். நான் அகராதியைப் புரட்டி, 'பனி அந்த அமைதியை மேலும் மோசமாக்கியது' என்று எழுதினேன். அச்சிலும் வந்துவிட்டது. ஒரு வாசகர் அஞ்சலட்டையில் ஒரே ஒரு வரி எழுதிப் போட்டிருந்தார்: 'அமைதி எப்படி ஐயா மோசமாகும்?'

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. மூலத்தைத் தேடிப் பிடித்து, போலிஷ் தெரிந்த நண்பர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் அந்த வரியை வாய்விட்டுப் படித்தார்: 'ஷ்னியெக் பொத்தெங்கோவாவ் சீஷெ.' ஷ்னியெக் என்றால் பனி. சீஷெ என்றால் அமைதியை. நடுவில் நிற்பது ஒரு வினைச்சொல், பொத்தெங்கோவாச். இன்று நான் பேச வந்தது அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான்.

'பொத்தெங்கா' என்ற பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்தது இது. பொத்தெங்கா என்றால் வலிமை, பேராற்றல். ஒரு நாட்டை வல்லரசு என்று சொல்லவும் அந்தச் சொல்லே பயன்படுகிறது. பெயர்ச்சொல்லோடு 'ஓவாச்' சேர்த்தால் வினை வந்துவிடும், போலிஷ் மொழி வினைகளைச் செய்துகொள்ளும் வழிகளில் அது ஒன்று. ஆக, ஒன்றுக்கு வலு ஏற்றுவது, இருப்பதை இன்னும் மிகுவிப்பது, அவ்வளவுதான் பொருள். அது நல்லதா கெட்டதா என்று இந்த வினை வாய் திறப்பதில்லை. பயத்தையும் வலியையும் குழப்பத்தையும் பொத்தெங்கோவாச் செய்யலாம். மகிழ்ச்சியையும் செய்யலாம். எது மிகுகிறதோ, தீர்ப்பு அதைப் பொறுத்தது. 'மோசமாக்கு' என்று சொல்லத்தான் வேண்டுமென்றால் போலிஷ்காரர்களிடம் தனிச்சொல் இருக்கிறது, பொகார்ஷாச். அதற்குள்ளேயே 'இன்னும் கெட்ட' என்ற பொருளுள்ள 'கோர்ஷி' உட்கார்ந்திருக்கிறது. கதையாசிரியர் அந்தச் சொல்லை எடுக்கவில்லை.

இந்தச் சொல்லின் சொந்தக்காரர்களைப் பார்த்தால் இன்னும் நன்றாகப் பிடிபடும். 'தெங்கி' என்று ஓர் உரிச்சொல். ஆளைப் பற்றிச் சொன்னால் பருத்தவர், கட்டுமஸ்தானவர். 'தெங்கி ம்ரூஸ்' என்றால் கடுங்குளிர். 'தெங்கா குவோவா', சொல்லுக்குச் சொல் பார்த்தால் கெட்டியான தலை, மூளைக்காரர் என்று பொருள். நாம் கெட்டிக்காரர் என்கிறோமே, அதைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. அப்புறம் 'தெஞ்ஜெச்' என்று ஒரு வினை. ஜெலட்டின் கலந்த ஜெல்லியைக் கிண்ணத்தில் ஊற்றி ஆறவைக்கிறோம். முதலில் தளதளவென்று ஆடும், பிறகு ஓரத்திலிருந்து மெல்ல இறுகும். அந்த இறுகுதல்தான் தெஞ்ஜெச். உடம்பின் தசைகள் இறுகிப்போகும் டெட்டனஸ் நோய்க்கும் அங்கே 'தெஞ்ஜெத்ஸ்' என்றே பெயர். இழுத்தல், விறைத்தல், இறுகுதல், திரளுதல். இந்தக் குடும்பத்தில் எங்குமே கெடுதல் என்ற எண்ணம் அடிப்படையாக இல்லை.

சரி, ஆங்கிலத்துக்கு வருவோம். இந்த ஒரு வினைக்கு ஆங்கிலத்தில் அரை டஜன் சொற்களாவது வரிசைகட்டி நிற்கின்றன. இன்டென்சிஃபை, ஹைட்டன், டீப்பன், காம்பவுண்ட், அக்ரவேட், எக்ஸாசர்பேட். அகராதியில் இவற்றை அரைப்புள்ளி போட்டு வரிசையாக அடுக்கியிருப்பார்கள், எல்லாம் ஒரே எடை என்பதுபோல. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இவற்றில் பாதிச் சொற்கள் கேட்ட மாத்திரத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன.

எக்ஸாசர்பேட்டுக்கு மூலம் லத்தீனின் 'அகெர்பஸ்'. பழுக்காத காயைக் கடித்தால் நாக்கில் ஏறும் கடுப்பு அது. அதனால் நோய், பகை, பஞ்சம் போன்றவற்றுக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். மகிழ்ச்சியை யாரும் எக்ஸாசர்பேட் செய்ய முடியாது. அக்ரவேட் 'கனம்' என்னும் சொல்லிலிருந்து வந்தது, சுமையை ஏற்றுவது. பேச்சு ஆங்கிலத்தில் அது 'எரிச்சலூட்டு' என்ற பொருளிலும் புழங்குகிறது. அமைதிக்கு முன்னால் அதைப் போய் வைத்தால் என்ன ஆகும்? அந்த மொழிபெயர்ப்பாளர் அகராதியின் வரிசையில் ஒன்றை எடுத்தார், நான் அவர் எடுத்ததன் முதற்பொருளை எடுத்தேன். இரண்டு பேருமே பனியைப் பார்க்கவில்லை.

ஹைட்டன் நேர் எதிர்ப்பக்கம் சாயும். உயர்த்துவது. அழகு, சுவை, எதிர்பார்ப்பு என்றால் பாந்தமாக உட்காரும். அச்சத்துக்கும் பதற்றத்துக்கும்கூடச் சொல்வார்கள். இன்டென்சிஃபை எந்தப் பக்கமும் சாயாத சொல், லத்தீனில் அதன் அடியும் இழுத்து விறைப்பாக்குவதுதான். தெங்கியின் குடும்பத்தோடு உருவகத்தில் அதுவே மிக நெருக்கம். ஆனாலும் கதைக்குள் கொண்டுவந்தால் அதில் ஆய்வுக்கூட வாடை அடிக்கிறது என்பது என் எண்ணம். நோயாளியின் அறிக்கைக்கு அது சரி. கிழவியின் வீட்டுக்கு வேண்டாம்.

காம்பவுண்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அதன் பழைய பொருள் சேர்த்து வைப்பது, கலப்பது. மருந்து கலந்து கொடுத்தவரைக் கம்பவுண்டர் என்று நம் ஊரில் கூப்பிட்டது அந்தப் பொருளில்தான். இன்று ஆங்கிலத்தில் பெரும்பாலும் சிக்கலுக்கும் தவறுக்கும் துணையாகவே வருகிறது. மரத்திலிருந்து விழுந்தவனை மாடு மிதித்தது என்போமே, அந்த இரண்டாவது அடிதான் காம்பவுண்ட். ஆனால் கூட்டு வட்டிக்கும் அதே சொல்தான். நூறு ரூபாய்க்கு ஆண்டுக்குப் பத்து ரூபாய் வட்டி என்றால், தனிவட்டியில் பத்து ஆண்டில் முதலும் வட்டியுமாக 200 ரூபாய். வட்டி குட்டி போட்டால் ஏறத்தாழ 259. கணக்குப் போடும்போது 1.1-ஐப் பத்தாம் அடுக்குக்கு உயர்த்துகிறோம். அப்படி உயர்த்துவதற்குப் போலந்துப் பள்ளிப் பாடத்தில் என்ன பெயர் தெரியுமா? பொத்தெங்கோவானியெ. நம் சொல்லேதான். இரண்டைப் பத்து முறை கூட்டினால் 20, பத்து முறை தன்னோடு தானே பெருக்கினால் 1024. அங்கே குழந்தைகள் இதைப் பள்ளியிலேயே படித்துவிடுவதால், வளர்ந்த பிறகும் இந்த வினையைக் கேட்கும்போது காதோரம் ஒரு பெருக்கல் ஒலிக்கும் என்று நினைக்கிறேன். அடிமுட்டாளை 'இரண்டாம் அடுக்கு முட்டாள்' என்ற பொருளில் திட்டும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. ஆங்கிலத்தின் எந்த வினையும் இந்த ஒலியை முழுதாகத் தரவில்லை.

மருந்தியலில் மட்டும் கிட்டே வருகிறார்கள். தூக்க மாத்திரையோடு மது அருந்தினால் இரண்டின் வேகமும் சும்மா கூடுவதில்லை, ஒன்று மற்றதைத் தூக்கிவிட்டு மூச்சையே மந்தமாக்கிவிடும். இதைப் 'பொட்டென்ஷியேட்' என்பார்கள். உயிர் சம்பந்தப்பட்ட இடம், அங்கே இந்தச் சொல்லை விட்டால் வேறு சரியான சொல் இல்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். குளிர்காலத்தில் போலந்து வானிலை அறிக்கையைக் கேளுங்கள். வடகிழக்கில் சுவாவ்கி என்று ஓர் ஊர், அந்த நாட்டின் குளிர்த் துருவம் என்றே பெயர் பெற்றது. அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது, காற்று குளிருணர்வைப் 'பொத்தெங்குயெ' என்பார்கள். வெப்பமானி காட்டுவது ஒன்று, தோல் உணர்வது வேறு. ஆங்கில அறிவிப்பாளர் இதை எப்படிச் சொல்வார்? காற்றில் இன்னும் குளிராகத் தெரியும் என்பார். மிகுவிக்கும் அந்த வினையே காணோம்! தேடித் தேடி ஒரு வினையைப் பொருத்தாமல், வாக்கியத்தைப் பிரித்துக் கட்டியிருக்கிறார். ஒரு வினைக்கு ஒரு வினை என்ற பிடிவாதத்தை விடலாம் என்ற துணிச்சல் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

கிழவியின் கதைக்குத் திரும்புகிறேன். ஆங்கிலத்தில் 'டீப்பன்' போட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன், அமைதி ஆழமாகும். நல்ல தேர்வுதான். ஆனாலும் அதில் ஒன்று விடுபடுகிறது. மூலத்தில் இருப்பது முடிந்துபோன செயலைச் சொல்லும் வடிவம் அல்ல. முடிந்ததைச் சொல்ல, வினைக்கு முன்னால் ஒரு 'ஸ்' சேர்த்து ஸ்பொத்தெங்கோவாச் என்று இன்னொரு வடிவம் இருக்கிறது. இங்கே இருப்பது நடந்துகொண்டே இருப்பது. பனி நிற்கவில்லை, அமைதி வளர்வதும் நிற்கவில்லை.

தமிழில் கணக்குப் பாடத்திலும் அடுக்குதான், இலக்கணத்திலும் அடுக்குதான். பாம்பைக் கண்டு 'பாம்பு பாம்பு' என்று அலறுகிறோம், பயம் அடுக்கில் ஏறுகிறது. ஒரு செயலோடு இன்னொன்று வளர்வதைச் சொல்லவும் சொல்லை இரட்டிப்போம். வினைக்கு வினை தேடி அலைந்த நாளெல்லாம் இது கண்ணில் படவே இல்லை.

அந்தக் கதை மறுபதிப்புக்கு வந்தபோது, வரியை மாற்றிக் கொடுத்தேன். அஞ்சலட்டை எழுதிய வாசகருக்கும் ஒரு படி அனுப்பினேன். இப்போது அந்த இடம் இப்படி இருக்கிறது: 'பனி விழ விழ அமைதி கூடிக்கொண்டே போனது.'

நன்றி, வணக்கம்.