பதின்மூன்று வெற்றி, ஐந்தாம் இடம்

வணக்கம். இன்று என் கையில் ஒரே ஒரு தாள்தான். கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், எழுத்து தெரிகிறதா? 13–0. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஃபுளோரிடா ஸ்டேட் அணியின் 2023ஆம் ஆண்டுக் கணக்கு இது. ஆடிய பதின்மூன்றிலும் வெற்றி. அவர்கள் ஆடும் ஏசிசி என்ற கல்லூரி லீக்கின் சாம்பியனும் அவர்கள்தான். அப்போது தேசியக் கோப்பைக்கான பிளேஆஃபுக்கு நான்கே அணிகள். டிசம்பர் 3ஆம் தேதி தேர்வுக்குழுவின் பட்டியல் வந்தபோது இவர்களுக்கு ஐந்தாம் இடம். நான்காவதாக நுழைந்தது அலபாமா. செப்டம்பரில் டெக்சஸிடம் சொந்த மைதானத்திலேயே தோற்ற அணி அது.

காரணம் ஒரு கால். நவம்பரில் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர், ஜோர்டன் டிராவிஸுக்குக் கால் முறிந்தது. அதற்குப் பிறகும் ஃபுளோரிடா என்ற வேறொரு கல்லூரி அணியை 24–15, லூயிவில்லை 16–6 என்று வென்றார்கள். லூயிவில்லுக்கு எதிராக ஆடியவர் மூன்றாம் நிலை குவார்ட்டர்பேக். இருந்தும் 13 பேர் கொண்ட தேர்வுக்குழுவுக்கு நம்பிக்கை வரவில்லை. “என் கால் சீசனில் இன்னும் முன்பே முறிந்திருந்தால் இந்த அணி என்னை மட்டும் நம்பி இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருக்குமே” என்று டிராவிஸ் எழுதினார். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

குழு விதியை மீறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். முக்கிய வீரர் ஆட முடியாததைக் கருத்தில் கொள்ளலாம் என்று விதியிலேயே இருந்தது. அந்த விதிதான் எனக்கு உறுத்துகிறது. ஆடி முடித்த ஆட்டத்தை வைத்து இடம் கொடுங்கள். ஆடப்போகும் ஆட்டத்துக்கு ஜோசியம் எதற்கு?

பிறகு பிளேஆஃபுக்கு வெளியே நடந்த ஆரஞ்சு பௌல் ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63–3 என்று நொறுங்கினார்களே என்பீர்கள். காயம், என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக் கனவு, வேறு கல்லூரிக்கு மாற்றம் என்று இருபதுக்கும் மேற்பட்டவர்கள் அன்று களமிறங்கவே இல்லை.

2024இல் பன்னிரண்டு அணிகளாக்கினார்கள். சொந்த மைதானத்தில் மிச்சிகனிடம் 13–10 என்று தோற்றிருந்த ஒஹாயோ ஸ்டேட், எட்டாம் இடத்திலிருந்து வரிசையாக நான்கு ஆட்டம் வென்று கோப்பையைத் தூக்கியது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஐந்து லீக் சாம்பியன்கள் போக மீதி ஏழு இடமும் அப்போது குழுவின் கையில் இருந்தது. அந்த ஐவர் யார் என்பதை முடிவு செய்ததும் குழுவின் தரவரிசைதான்! நான்காம் இடத்துச் சண்டை பன்னிரண்டாம் இடத்துக்குக் குடிபோனது.

ஐபிஎல்லில் நெட் ரன்ரேட்டைத் திட்டாதவர் யார்? ஆனாலும் எத்தனை ஓவரில் ஜெயிக்க வேண்டும் என்று நம் வீட்டுக் கூடத்திலேயே கணக்குப் போட்டுவிடுகிறோம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலிலோ 130க்கும் மேற்பட்ட அணிகள். எல்லோரும் எல்லோருடனும் மோத முடியாது, அதனால் கணக்கு சிக்கல்தான். பிளேஆஃபுக்கு முன்பு, 1998 முதல் 2013 வரை, இறுதி ஆட்டத்துக்கு அணிகளைத் தேர்ந்தெடுத்த பிசிஎஸ் முறையில் கணினித் தரவரிசையும் உண்டு, ஆனால் பெரும்பாலான சூத்திரங்கள் பூட்டிய பெட்டிக்குள் கிடந்தன. என் கோரிக்கை, அணிகளைத் தேர்ந்தெடுக்கும் சூத்திரத்தை ஆகஸ்டிலேயே, முதல் பந்து உதைபடுவதற்கு முன்பே, வெளியிடுங்கள். வெளியிட்டால் இதே தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பேட்டரி சிவப்பு காட்டுகிறது, நிறுத்துகிறேன்.