ஐஸ்லாந்துக் கம்பளியில் ஒரு குல்லா

[திரையில்: உள்ளங்கையில் ஒரு துண்டு கம்பளி நூல்]

இந்த நூலைத் தொட்டதும் பலர் கையை இழுத்துக்கொள்வார்கள். "ஐயோ, குத்துதே!" குத்தத்தான் செய்யும். ஏன் என்று பார்க்க, இதன் முறுக்கைக் கொஞ்சம் பிரிப்போம்.

[மிக அருகில்: விரல்கள் நூலைப் பிரிக்கின்றன]

இரண்டு வகை முடி தெரிகிறதா? நீளமாக, பளபளப்பாக, கொஞ்சம் முரடாக இருப்பது ஆட்டின் வெளிமுடி. ஐஸ்லாந்தில் இதற்கு 'தோக்' என்று பெயர். மழைத்துளியை உள்ளே விடாமல் வழியவிடுவது இதுதான். அதற்கடியில் பஞ்சுபோல் ஒட்டிக்கிடப்பது 'தெல்', உள்முடி. காற்றைப் பிடித்துவைத்துச் சூடு கொடுப்பது இதன் வேலை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நார்ஸ் மக்கள், அதாவது அந்தக் கால ஸ்காண்டிநேவியர்கள், கப்பலில் கொண்டுபோன ஆடுகளின் வழிவந்தவை இன்றும் இந்த இரண்டு அடுக்கு முடியோடுதான் அங்கே மேய்கின்றன. இரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே செய்யும் நூல்தான் லோப்பி. முரட்டு முடியை எடுத்துவிட்டால் நூல் மிருதுவாகும், ஆனால் மழைக்கு ஆகாது.

சரி, குல்லாவுக்கு வருவோம். லெட்லோப்பி என்ற நடுத்தர நூல் 50 கிராம் பந்தாகக் கிடைக்கும். ஒரு பந்தில் 100 மீட்டர். இரண்டு பந்து போதும். 4.5 மில்லிமீட்டர் ஊசியில் பின்னினால் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு 18 கண்ணி, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையம், வரும். இறுக்கிப் பின்னாதீர்கள். முடிகள் விரிந்து காற்றைப் பிடிக்க இடம் வேண்டும். இறுக்கினால் அட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும்.

முதலில் 3.5 மில்லிமீட்டர் வட்ட ஊசியில் (இரண்டு ஊசிகளை வளையும் கம்பி இணைத்திருக்கும்) 88 கண்ணி ஏற்றுங்கள். முறுக்கிக்கொள்ளாமல் வட்டமாகச் சேர்த்து, இரண்டு நிட் (நூல் ஊசிக்குப் பின்னால் இருக்கும் சாதாரணப் பின்னல்), இரண்டு பர்ல் (நூல் முன்னால் இருக்கும் மறுபக்கப் பின்னல்) என்று 5 சென்டிமீட்டருக்கு ரிப், அதாவது இழுபடும் வரிவரியான விளிம்பு. அப்புறம் 4.5 ஊசிக்கு மாறி, மொத்தம் 15 சென்டிமீட்டர் வரும்வரை வெறும் நிட். இந்த இடத்தில் சொல்ல ஒன்றுமில்லை, பாட்டுக் கேட்டுக்கொண்டே பின்னலாம்.

நடுவில் பந்து தீர்ந்தால் முடிச்சுப் போடாதீர்கள்.

[மிக அருகில்: இரண்டு நூல் நுனிகள்]

இரண்டு நுனிகளையும் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து, லேசாக ஈரப்படுத்தி, உள்ளங்கைகளுக்கு நடுவே சூடு பறக்கத் தேயுங்கள். முடிமேல் இருக்கும் நுண்ணிய செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு ஒரே நூலாகிவிடும். எனக்கு இந்தக் கம்பளியில் ரொம்பப் பிடித்த வித்தை இது.

இனி உச்சி. 9 கண்ணி பின்னி, அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுங்கள். சுற்று முழுக்க இப்படியே. அடுத்த சுற்று குறைக்காமல். பிறகு 8 பின்னி இரண்டைச் சேர்க்க வேண்டும், அடுத்த முறை 7. இப்படி ஐந்து முறை குறைத்ததும் 48 கண்ணி நிற்கும். அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் குறைக்கலாம். கண்ணிகள் குறையக் குறைய வட்ட ஊசி பெரிதாகிவிடும். இருமுனை ஊசிகளுக்கு மாறிக்கொள்ளுங்கள். கடைசி 8 கண்ணிக்குள் நூலைக் கோத்து இழுத்துக் கட்டினால் முடிந்தது.

நெற்றியில் குத்தினால், ரிப்பின் உள்பக்கம் மெல்லிய பருத்தித் துணியை வளையமாகத் தைத்துவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் தைத்திருக்கிறேன்.

துவைக்காமல் மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் கம்பளிச் சோப்புக் கலந்து, கசக்காமல் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். நூல் பூத்து, கண்ணிகளுக்கு நடுவே இருக்கும் சந்துகள் மூடிக்கொள்ளும். என் முதல் குல்லாவைச் சுடுநீரோடு வாஷிங் மெஷினில் போட்டேன். பொம்மைத் தலைக்குக்கூடப் பற்றாத அளவில் வெளியே வந்தது. நுனியை ஒட்டவைத்த அதே செதில்களின் வேலைதான் அதுவும்.

துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றியெடுத்து, தலையளவுக் கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் போட்டு நிழலில் காயவையுங்கள். அதுவரை அறை முழுக்க ஆட்டு வாசனை அடிக்கும். காய்ந்ததும் போய்விடும்.