சாட்சிக்கு என்ன சொல்லித் தரலாம்?

நேயர்களுக்கு வணக்கம்.

கணவன் மனைவி இருவரும் பிரியச் சம்மதித்தாயிற்று. வக்கீல் வைக்காமல் நீங்களே விவாகரத்து மனுப் போட்டு, விசாரணைத் தேதியும் வந்துவிட்டது. சாட்சி வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் எழுத்து வாக்குமூலமே போதும். நீதிமன்ற அலுவலகத்தில் முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டும் என்றால், இந்தப் பேச்சு உங்களுக்குத்தான்.

எதிர்ப்பே இல்லாத வழக்கில் சாட்சி எதற்கு? இருவரும் கூடிப் பேசி, பிரியாமலே பிரிந்ததாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. அதனால் கேள்விகள் பெரும்பாலும் எளிமையானவை. இவரை எப்படித் தெரியும், எங்கே குடியிருக்கிறார், எப்போதிலிருந்து தனியாக இருக்கிறார், அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

கடைசிக் கேள்வியில்தான் சாட்சி தடுமாறுவார். "அவளே என்னிடம் சொன்னாள்" என்றால், அது உங்கள் பேச்சையே இன்னொருவர் திருப்பிச் சொல்வது. "அடிக்கடி அந்த வீட்டுக்குப் போவேன். அலமாரியில் அவள் துணி மட்டும்தான் இருக்கும். அவரை அங்கே நான் பார்த்ததே இல்லை" என்றால், அதற்கு மதிப்பு உண்டு. ஆகவே யார் நெருங்கிய சொந்தம் என்று பார்க்காமல், யார் வந்து போனார் என்று பாருங்கள். தொலைவில் இருக்கும் அண்ணனைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் நல்ல சாட்சி.

சில நாள் முன்னால் அவரோடு உட்காருங்கள். பிரிந்த தேதியை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். "உங்களுக்கு என்ன ஞாபகம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். "பெட்டி தூக்க வந்தேனே, பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்த வாரம்" என்று அவராகவே பிடித்துக்கொள்வார். அவர் சொல்வதும் மனுவில் இருப்பதும் ஒத்துப்போகவில்லையா? அவரை மாற்றிச் சொல்லவைக்கக் கூடவே கூடாது. அது பொய்ச்சாட்சி, குற்றம். வாடகை ஒப்பந்தம் போன்ற காகிதத்தைத் தேடிப் பாருங்கள். தவறு மனுவில் என்றால் மனுவைத் திருத்தக் கேளுங்கள்.

அப்புறம், வக்கீல் இல்லாததால் நீங்களே கேள்வி கேட்க வேண்டி வரலாம். நீதிபதியே கேட்டுவிடுவதும் உண்டு. இருந்தாலும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "நாங்கள் பிரிந்துதானே இருக்கிறோம்?" என்று பதிலையும் சேர்த்துக் கேட்காதீர்கள். "என் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். தெரியாததற்குத் "தெரியாது" என்று சாட்சி தயங்காமல் சொல்லலாம். மறுதரப்பைத் திட்ட வேண்டாம்; யாரும் அதைக் கேட்கப் போவதில்லை.

அடையாள அட்டையை எடுத்து வரச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வருகிறவர் உங்கள் கல்யாணத்தையும் பார்த்தவராக இருக்கலாம். உறுதிமொழி எடுக்கும்போதே அவருக்குக் குரல் உடையலாம். "நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு பேசுங்கள், அவசரமில்லை" என்று முந்தின நாளே சொல்லி வையுங்கள்.

நன்றி, வணக்கம்.