அனலாக் குரலும் டிஜிட்டல் குரலும் ஒரே வலையில்

வணக்கம் நேயர்களே. ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பு, என்றால் மொட்டை மாடியில் ஏரியல் கட்டி, கரகரப்புக்கு நடுவே தூரத்துக் குரலைத் தேடுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இன்று கையில் பிடித்த வாக்கி டாக்கியில் பேசினாலே பேச்சு கண்டம் தாண்டிப் போகிறது. நடுவில் பாலமாக இருப்பது இணையம்.

1997-இல் கனடாவில் டேவிட் கேமரன் ஐ.ஆர்.எல்.பி. என்ற இணைய வழி ரேடியோ இணைப்புத் திட்டத்தைத் தொடங்கினார். ஓர் ஊர் ரிப்பீட்டரின் (ரேடியோ ஒலியை வாங்கி மறுபடி வலுவாக ஒலிபரப்பும் நிலையத்தின்) ஒலியைக் கணினிக்குள் வாங்கி, இணையம் வழியே இன்னோர் ஊர் ரிப்பீட்டரில் ஒலிக்கச் செய்யும் ஏற்பாடு அது. 2002-இல் ஜோனதன் டெய்லரின் எக்கோலிங்க் வந்தது. அதில் உரிமம் பெற்றவர் ரேடியோ இல்லாமல் கணினியிலிருந்தே சேரலாம். ஐ.ஆர்.எல்.பி.யில் ரேடியோ வழியாகத்தான் நுழைய வேண்டும். அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அப்புறம் டி-ஸ்டார், டி.எம்.ஆர்., ஃப்யூஷன் என்று டிஜிட்டல் முறைகள் வந்தன. சிக்கலும் கூடவே வந்தது. தொலைபேசித் தரத்தில் குரலை எண்களாக்கினால் நொடிக்கு 64,000 பிட் ஆகும். டி.எம்.ஆரில் குரலுக்குக் கிடைப்பது நொடிக்கு 2,450 பிட்தான். அதனால் குரலின் அலையை அப்படியே அனுப்புவதில்லை. சுருதி என்ன, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு என்ற விவரம் மட்டுமே போகிறது. மறுமுனை அதைக் கொண்டு குரலைப் புதிதாக உருவாக்குகிறது.

டி.எம்.ஆருக்கும் ஃப்யூஷனின் வழக்கமான முறைக்கும் இந்தச் சுருக்கும் கணக்கு ஒன்றே. இவை இரண்டையும் இணைக்க, குரல் விவரம் அடங்கிய பொட்டலத்தை மாற்றிக் கட்டினால் போதும். டி-ஸ்டாரின் கணக்கு வேறு. எக்கோலிங்க் பழைய ஜி.எஸ்.எம். செல்போன் முறையைப் பின்பற்றுகிறது. கணக்கு வேறுபடும் இந்த முறைகளை இணைக்க, குரலை முழுசாக விரித்து மறுபடி சுருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் தேயும். பின்னால் மின்விசிறி ஓடினால் சொல்லே குழம்பிவிடும். பாலம் அமைப்பவர்களிடம் நான் வற்புறுத்துவது இதைத்தான்: ஒரு தடவைக்கு மேல் மாற்றாதீர்கள். ஏற்கெனவே இணைந்த இரண்டு வலைகளை இன்னோர் இடத்திலும் இணைத்துவிடாதீர்கள். போன பேச்சே சுற்றிச் சுற்றித் திரும்பி வரும்.

இன்னொரு வருத்தம். டி-ஸ்டார், டி.எம்.ஆர்., ஃப்யூஷன் பயன்படுத்தும் குரல் சுருக்கும் முறை ஒரு தனி நிறுவனத்தின் சொத்து. திறந்து பார்த்துக் கற்பதற்கான பொழுதுபோக்கில் மூடிய பெட்டி எதற்கு? டேவிட் ரோ உருவாக்கிய கோடெக் 2 என்ற குரல் சுருக்கும் முறை எல்லோருக்கும் திறந்திருக்கிறது. எம்17 என்ற திறந்த டிஜிட்டல் ரேடியோ முறை அதைத்தான் பயன்படுத்துகிறது. புதிதாக வரும் இளைஞர்கள் அதில் கைவைக்க வேண்டும் என்பது என் ஆசை.

இத்தனை பாடு எதற்கு? அட்லாண்டிக்கில் சூறாவளி வரும்போது, எக்கோலிங்க், ஐ.ஆர்.எல்.பி. இரண்டையும் இணைத்து ஒரு வலை இயங்குகிறது. கரையோரத்து ஹாம்கள் சொல்லும் காற்று வேகமும் மழை அளவும் மயாமியில் உள்ள தேசியச் சூறாவளி மையத்துக்குப் போய்ச் சேருகின்றன.

அந்த வலையில் பேசும் முறை முக்கியம். பி.டி.டி. பட்டனை, அதாவது பேசுவதற்கு அழுத்தும் பட்டனை, அழுத்தியதும் பேச வேண்டாம்; ஓரிரு நொடி பொறுங்கள். எல்லாப் பாலங்களும் திறந்துகொள்ள அவ்வளவு நேரம் பிடிக்கும். இல்லையென்றால் உங்கள் முதல் சொல் தொலைந்துவிடும். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் உடனே பாயாமல் இடைவெளி விடுங்கள். அவசரச் செய்தி வைத்திருப்பவர் தன் அழைப்புக் குறியை (ஒவ்வொரு ஹாமுக்கும் உள்ள அடையாளக் குறியை) சொல்லி உள்ளே வர வேறு வழி கிடையாது.