நெற்றியில் ஓர் உள்ளங்கை

நேயர்களுக்கு வணக்கம். பேசத் தொடங்கும் முன் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் செய்ய வேண்டாம், கேட்டால் போதும். மற்றவர்கள் கண்களை மெல்ல மூடிக்கொள்ளுங்கள். உள்ளங்கையைப் புருவத்துக்குச் சற்று மேலே, நெற்றியில் பதித்து லேசாக அழுத்திக்கொள்ளுங்கள். இப்போது கண்களைத் திறங்கள். பலருக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியாது. சிலருக்கு, அதிலும் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு, உள்ளங்கைக்கு அடியில் நெற்றி நெளிவது தெரியும். கண் முழுதாகத் திறக்காததுபோல ஒரு பாரம் தெரியும். சரி, கையை எடுத்துவிடலாம். எதற்கு என்று பிறகு சொல்கிறேன். என் உதவியாளர்கள் என்னைக் கேலி செய்வதே இந்த உள்ளங்கையை வைத்துத்தான், அதனால் மறக்க மாட்டேன்.

நான் இமை அறுவை செய்கிற மருத்துவன். மேலிமையில் மடிந்து தொங்கும் தோலை எடுப்பது, கீழிமையில் உப்பியிருக்கும் பையைக் குறைப்பது, இவை என் அன்றாட வேலைகள். அழகுக்காக இதைச் செய்துகொண்டு, பிறகு ‘ஏன் செய்துகொண்டோம்’ என்று கண்ணாடி முன் நிற்கிறவர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. நான் செய்த அறுவையால் அப்படி நின்றவர்களும் உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த வருத்தம் வெளியே சொல்ல முடியாத வருத்தம். குடல்வால் அறுவையில் ஏதாவது கோளாறு என்றால் ஊரே பரிதாபப்படும். இமைக்கு அழகு பார்க்கப் போய் ஏமாந்தால், ‘இருந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே’ என்பார்கள். அதைக் கேட்கப் பயந்தே பலர் அறுவை செய்துகொண்டதையே சொல்வதில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கண்ணில் ஏதோ ஒவ்வாமை என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். யாரிடமும் சொல்லாததால், நன்றாக வரவில்லை என்று புலம்பவும் ஆள் கிடையாது. மிஞ்சியிருப்பது மருத்துவர் ஒருவர். அவரிடம் போனால் அவர் என்ன சொல்வார்? ‘நன்றாகத்தானே இருக்கிறது.’

அந்த வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி வந்தார். பள்ளி ஆசிரியை. 50 வயதை ஒட்டியவர். மேலிமைத் தோல் மடிந்து இமைமயிர்மேல் உட்கார்ந்திருந்தது. ‘காலையில் பள்ளிக்குள் நுழைந்ததும் யாராவது ஒருவர், தூக்கமில்லையா டீச்சர் என்று கேட்டுவிடுகிறார்கள். எட்டு மணி நேரம் தூங்கிவிட்டுத்தான் வருகிறேன் டாக்டர்’ என்றார். நியாயமான குறை. தோலை அளந்தேன், கோடு போட்டேன், எடுத்தேன். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, தையல் அவ்வளவு சுத்தம். ஏழாம் நாள் பிரித்தபோது தழும்பு இமை மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது. இரண்டாம் மாதம் வந்தபோது அவர் நெற்றியில் இருந்த கோடுகள்கூட மறைந்திருந்தன. ‘பார்த்தீர்களா, நெற்றிக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை, அதுவும் சேர்ந்து சரியாகிவிட்டது’ என்று பெருமையடித்துக்கொண்டேன்.

அவர் சிரிக்கவில்லை. ‘இப்போது யாரும் தூக்கமில்லையா என்று கேட்பதில்லை டாக்டர். என்மேல் ஏதாவது கோபமா டீச்சர் என்று கேட்கிறார்கள்’ என்றார்.

அப்போதுதான் சொன்னேன், ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று. பிறகு வீக்கம் இன்னும் வற்றவில்லை, பொறுங்கள் என்றேன். அதில் பொய் இல்லை, ஆனால் வாயை அடைக்கச் சொன்ன உண்மை அது.

ஐந்தாம் மாதம் அவர் மறுபடி வந்தார். மேசையில் மூன்று புகைப்படங்களை வரிசையாக வைத்தார். ஒன்று 25 வயதில் எடுத்தது, ஒன்று அறுவைக்கு முன் எடுத்தது, ஒன்று முந்தின வாரம் எடுத்தது. மூன்றிலும் ஸ்கேல் வைத்துப் பேனாவால் கோடு போட்டிருந்தார்: கண்மணிக்கு ஒரு கோடு, புருவத்துக்கு ஒரு கோடு. ‘வயதானால் புருவம் இறங்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அறுவைக்கு முன் எடுத்த படத்தில், என் 25 வயதில் இருந்ததைவிடப் புருவம் மேலே இருக்கிறதே, எப்படி?’ என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதில் தெரியாத மாணவனைப் பார்க்கும் பார்வை ஒன்று பார்த்தார். நான் அந்தப் படத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அந்தப் பழைய நெற்றிக் கோடுகள் படத்தில் பளிச்சென்று தெரிந்தன.

விஷயம் இதுதான். இமைத்தோல் கனத்துக் கண்ணை மறைக்கத் தொடங்கினால், நாம் அறியாமலே நெற்றித் தசை புருவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறது. விடிந்ததிலிருந்து படுக்கும் வரை அந்த வேலை நடக்கும். நெற்றிக் கோடுகள் அந்த வேலையின் தடம். கண்ணாடி முன் நிற்கும்போது இன்னும் கொஞ்சம் சேர்த்தே தூக்கிக்கொள்வோம். அந்தத் தோலை எடுத்துவிட்டால் தூக்க வேண்டிய அவசியம் போய்விடுகிறது. நெற்றி ஓய்வெடுக்கிறது, புருவம் இறங்கிவிடுகிறது. இறங்கிய புருவம் மறுபடி இமைமேல் வந்து உட்காரும். மூக்கை ஒட்டிய பக்கம் இறங்கினால் முகம் முறைப்பதுபோல இருக்கும். நான் பெருமைப்பட்ட அந்த மறைந்த நெற்றிக் கோடுகள்தான் அவர் முகத்தைக் கோபமாக்கியிருந்தன.

இப்போது உள்ளங்கைக்கு வருகிறேன். அறுவைக்கு முன் ஒரே ஒரு தடவை அவர் நெற்றியில் கை வைத்து, கண்ணைத் திறக்கச் சொல்லியிருந்தால் இவ்வளவும் தெரிந்திருக்கும். அரை நிமிட வேலை. அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் நெற்றியில் கை, பிறகுதான் பேச்சு. இமை அறுவைக்குப் போகிறவர்கள், மருத்துவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாரா என்று கவனியுங்கள். பார்க்கவில்லையென்றால் நீங்களே கேளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு மருத்துவரிடம் போங்கள். கூடவே ஒரு பழைய படத்தையும் கொண்டுபோங்கள். பிரபலங்களின் படம் வேண்டாம், உங்கள் படம்தான். சிலருக்கு 20 வயதிலேயே இமை கனமாக இருந்திருக்கும். அதுதான் அவர்கள் முகம்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. திரைச்சீலை நீளமாக இருப்பது வேறு, அதை இழுக்கும் கயிறு தளர்ந்திருப்பது வேறு. இமையைத் தூக்கும் தசையே தளர்ந்திருந்தால் தோலை எவ்வளவு எடுத்தாலும் கண் திறக்காது. தோலை எடுத்த பிறகும் ஒரு கண் சின்னதாகவே இருக்கிறது என்று வருகிறவர்கள் பலரிடம் கயிறு தளர்ந்திருக்கிறது, துணியை வெட்டியிருக்கிறார்கள்.

அந்த ஆசிரியை என்ன செய்தார் என்று கேட்பீர்கள். ‘இன்னும் கொஞ்சம் தோலை எடுத்துவிடுங்கள்’ என்றார். பெரும்பாலோர் கேட்பது அதைத்தான். புருவத்தின் கீழ்விளிம்பிலிருந்து இமைமயிர் வரை கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர் தோலாவது மிஞ்ச வேண்டும் என்பது எங்கள் கைக்கணக்கு. அவருக்கு அந்த அளவுதான் இருந்தது. அதற்குமேல் எடுத்தால் கண் மூடாது. புருவத்தை உயர்த்த வேறு அறுவை உண்டு என்றேன். ‘போதும் டாக்டர்’ என்றார். அதன்பிறகும் சில தடவை வந்தார். ஒருமுறை அவரே சொன்னார்: ‘வகுப்புக்குள் நுழையும்போது புருவத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொள்கிறேன். பழைய பழக்கம்தானே.’

நேரம் ஓடுகிறது. அந்த அம்மையாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இப்படித்தான்.

கண் மூடாது என்றேன் அல்லவா, அதைச் சொல்லிவிடுகிறேன். வேறோர் இடத்தில் இரண்டு தடவை மேலிமை அறுவை செய்துகொண்ட ஒருவர் என்னிடம் வந்தார். காலையில் எழுந்தால் கண்ணில் மணல் கொட்டியதுபோல எரிச்சல், பகலில் காற்றடித்தால் நீர் கொட்டுகிறது என்றார். கூட வந்த மனைவிதான் உண்மையான நோயைச் சொன்னார்: ‘இவர் தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்றே தெரியவில்லை. பாதிக் கண் திறந்தபடி தூங்குகிறார்.’ நாம் நிமிடத்துக்கு 15, 20 தடவை கண்ணிமைக்கிறோம். ஒவ்வொரு தடவையும் கண்ணீர்ப்படலம் கண்மேல் புதிதாகப் பூசப்படுகிறது. இமை முழுதாக இறங்காவிட்டால் அடியில் ஒரு பட்டை காய்ந்தே கிடக்கும். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது என்று சொல்வார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் நான் பார்த்ததில்லை. பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு, இமையை மூடி ஒட்டும் டேப் என்று அவரைச் சில மாதம் ஓட்டினேன். லேசான குறை அப்படியே சரியாகிவிடும். இவருக்கு ஆகவில்லை. காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்து இமையில் ஒட்ட வேண்டிவந்தது. உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத்தோல்தான், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வேறெங்கிருந்து எடுத்து ஒட்டினாலும் கொஞ்சம் தடித்து, கொஞ்சம் நிறம் மாறித்தான் நிற்கும். அவரும் அதை முதல் நாளே கண்ணாடியில் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அன்றிரவு கண்ணை மூடித் தூங்கினார்.

அதனால்தான் இரண்டாவது அறுவைக்கு அவசரப்படாதீர்கள் என்கிறேன். குறைந்தது ஆறு மாதம் போக வேண்டும். முதல் இரண்டு வாரம் நீலம் பாரித்த கண். அதில் பெரும்பாலும் ஒரு கண் கூடுதலாக வீங்கும். எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறோமோ அந்தப் பக்கம் காலையில் இன்னும் உப்பும். மூன்று மாதம் வரை மடிப்பின் உயரமே மாறிக்கொண்டிருக்கும். தழும்பு மங்க ஓராண்டுகூட ஆகும். இந்த நாட்களில் சிலர் ஒரு மணிக்கு ஒரு தடவை கண்ணாடி பார்க்கிறார்கள், கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். நாம் அறிந்த நம் முகம் கண்ணாடியில் இடம் வலம் மாறிய முகம். படத்தில் அது நேராகத் தெரியும்போது, பிறவியிலிருந்தே இருக்கிற கோணல்கூட அறுவையின் தவறுபோலத் தோன்றும். வாரத்துக்கு ஒரே ஒரு படம், அதே ஜன்னல், அதே வெளிச்சம், அதே தூரம் என்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் மாதமும் குறை இருந்தால் அந்தப் படங்களோடு மருத்துவரிடம் போங்கள். அவர் ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்றால் படங்களை மேசையில் வரிசையாக வையுங்கள். அந்த ஆசிரியை என்னிடம் செய்ததுபோல.

இமையை உப்பவைக்கும் கொழுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், சுருக்கமாகவே சொல்கிறேன். தொங்கும் இமைத்தோலை வெட்டி எடுப்பதைப் பற்றி முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் எழுதியிருக்கிறார். கண்குழிக் கொழுப்பு எந்தெந்தப் பையில் இருக்கிறது என்பதை 1951-ல் காஸ்டனாரெஸ் என்ற அறுவை மருத்துவர் தெளிவாக விளக்கினார். பிறகு பல ஆண்டுகளுக்கு மருத்துவர்கள் அந்தக் கொழுப்பைத் தாராளமாக எடுத்தார்கள். எடுத்தபோது நன்றாகத்தான் இருந்தது. வயது ஏற ஏற முகத்தின் சதை தானாகவே வற்றுமே, அப்போது கண் குழிவிழுந்து எலும்பு விளிம்பு தெரிய ஆரம்பித்தது. இப்போது முடிந்த அளவு கொழுப்பை அங்கேயே விட்டுவைக்கிறார்கள், அல்லது இடம் மாற்றி வைக்கிறார்கள். குழிவிழுந்தவர்களுக்கு உடம்பின் வேறு இடத்திலிருந்து கொழுப்பு எடுத்து நிரப்பலாம். ஓரளவு சரியாகும்.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். கீழிமைக்கென்று தனியாக ஐந்து நிமிடம் வைத்திருந்தேன், அது போயிற்று. கீழிமை கீழே இழுபட்டு வெள்ளை விழி கூடுதலாகத் தெரிந்தாலோ, இமை கண்ணைவிட்டு வெளியே பிதுங்கினாலோ ஆறு மாதம் காத்திருக்காதீர்கள், முன்பே காட்டுங்கள். தொடக்கத்தில் இமையை நீவிவிடுவதிலேயே பலருக்குப் பலன் உண்டு. எப்படி நீவுவது என்பதை மருத்துவரே கை வைத்துக் காட்ட வேண்டும், நான் வானொலியில் சொல்லிப் புரியாது. அறுவைக்கு முன்பே கண் வறட்சியோ தைராய்டு கோளாறோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தைராய்டால் உப்பிய இமையை, அந்த நோய் அடங்கும் முன் வெட்டக் கூடாது.

கடைசியாக ஒன்று. இது ஆறு மாதக் கணக்கில் சேராதது. அறுவை முடிந்த முதல் நாள், அதுவும் முதல் சில மணி நேரம். கண்ணுக்குப் பின்னால் தாங்க முடியாத வலி, கண் முன்னே தள்ளுவதுபோல் இறுக்கம், பார்வை மங்குவது, இவற்றில் எது வந்தாலும் பின்னால் ரத்தம் கட்டியிருக்கலாம். மிக அரிது. ஆனால் பார்வையே போய்விடக்கூடும். நள்ளிரவானாலும் மருத்துவரை எழுப்புங்கள். அவர் எடுக்கவில்லையென்றால் விடியட்டும் என்று படுக்காமல் அருகில் உள்ள அவசரப் பிரிவுக்குப் போங்கள். கண்ணில் இறுக்கிக் கட்டு போட்டிருந்தால், அதைக் கழற்றலாமா என்று போகும் வழியிலேயே போனில் கேளுங்கள். விரல் ஒன்றாகிவிட்டது. வணக்கம்.